பேச்சிக்குத் தைத்த வெள்ளை ரவிக்கை

உங்கள் தையல் கடைகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். கண்ணாடிக் கதவு, உள்ளே பொம்மைக்கு மாட்டிவிட்ட ரவிக்கை, வாசலில் ‘டிசைனர்’ என்று ஆளுயரத்துக்கு ஒரு போர்டு. பார்க்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும். எனக்கு அந்தப் பட்டத்தை யாரும் தரவில்லை. சின்னமனூர் கடைத்தெருவில் நான் மிசின் போட்டு உட்கார்ந்தபோது ‘பொம்பளை டெய்லர்’ என்றார்கள். கோபம் வந்தால் வேறு பேரும் சொன்னார்கள். அதை உங்களிடம் சொல்லமாட்டேன், சின்னப் பிள்ளைகள்.

எப்படி வெட்டுவது, கழுத்தை எவ்வளவு இறக்குவது என்பதையெல்லாம் சொல்ல நான் வரவில்லை. அதற்கு உங்களுக்குப் புத்தகம் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. துணியை வீணாக்கினால் வேறு துணி வாங்கிக் கொடுத்து ஒப்பேற்றிவிடலாம். ஆளை வீணாக்கினால் என்ன செய்வது? நான் ஒருத்தியின் வாழ்க்கையை வீணாக்கப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். காப்பி வேண்டுமானால் இப்போதே குடித்துவிடுங்கள், நடுவில் எழுந்து போனால் எனக்குப் பிடிக்காது.

நான் கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். பலிபீடத்துக்கு விரிப்பும் அனாதைப் பிள்ளைகளுக்குக் கவுனும் தைத்துத் தைத்துத்தான் எனக்குக் கை ஓடியது. மலைமேல் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது வீட்டம்மாவின் மிசினை விற்றார். எங்கள் அப்பா உழவு மாட்டு ஜோடியில் ஒன்றை விற்று அதை எனக்கு வாங்கித் தந்தார். தொழுவத்தில் மிச்சம் நின்ற ஒற்றை மாட்டைப் பார்த்து ஊரே சிரித்தது. அதனாலேயே இந்தத் தொழிலில் தோற்கக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி இருந்தது.

அப்போது எங்கள் பக்கத்தில் ரவிக்கை என்றால் ஒரே தினுசுதான். முன்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வது. குமரிக்கும் அதுதான், நாலு பெற்றவளுக்கும் அதுதான். வயசான பொம்பளைகள் அதையும் போடமாட்டார்கள், சேலையே போதும். நான் ஒரு நாடகக் கொட்டகையில் ராணி வேஷக்காரி போட்டிருந்த கையைப் பார்த்துவிட்டு வந்து, தோளில் கொசுவம் வைத்து உப்பலாக ஒன்று வெட்டினேன். ஊர்ப் பெண்கள் அதற்குப் ‘பணியாரக் கை’ என்று பேர் வைத்தார்கள். எங்கள் கோயில் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பணியாரக் கையைக் கண்டித்துப் பேசினார். அடுத்த வாரம் அவர் கூடப்பிறந்த தங்கச்சி அளவு கொடுக்க வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு கம்பம், போடி, பெரியகுளம் என்று நாலா பக்கமிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். ஆண் டெய்லரிடம் பழைய ரவிக்கையைத்தான் அளவுக்குக் கொடுத்தனுப்புவார்கள். என்னிடம் நேரே நின்று அளவு கொடுத்தார்கள். நிற்கிற நேரத்தில் மனசில் இருக்கிற ஆசையையும் சொல்லிவிடுவார்கள். கழுத்து இப்படி இருந்தால் தேவலை, கை அப்படி இருந்தால் தேவலை என்பார்கள். நான் கண்டுபிடித்தேன் என்று ஊர் சொன்ன தினுசெல்லாம் பாதி அவர்கள் சொன்னதுதான். அதை அப்போது ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, தலைக்கனம் அப்படி.

அந்தத் தலைக்கனத்தில் ஒரு பழக்கமும் சேர்ந்தது. புதுத்துணிக்கு மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் போய்க் கண்ட இடத்தில் மஞ்சளைத் தீற்றிவிட்டு, மறுநாள் கறை போகவில்லை என்று என்னிடமே வந்து நிற்பார்கள். அதனால் நானே வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இடது பக்கம், அடி மடிப்புக்கு உள்ளே, மிளகு அளவு ஒரு பொட்டு. வெளியே தெரியாது. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், எனக்குக் கைராசி என்று சொல்லிக்கொண்டார்கள். நாள் ஆக ஆக, அந்தப் பொட்டு வைக்காமல் ஒரு ரவிக்கையும் என் கையை விட்டுப் போகாது என்றாகிவிட்டது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் கரியில் ஓடியது. துணிக்கு ரேஷன் கார்டு. கார்டு இருந்தால் கடையில் துணி இருக்காது, துணி வந்த நாளில் கூட்டத்தில் போய் முண்டினால் கட்டியிருக்கிற சேலை கிழியும். அந்தச் சமயத்தில்தான் பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள். குச்சனூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். இருபத்திரண்டு வயசு. புருஷன் ஏலக்காட்டு வேலைக்குப் போய் மலைக்காய்ச்சலில் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வயசில் ஒரு பெண் பிள்ளை. மாமனார் மாமியார் வீட்டிலேயே இருந்தாள்.

எட்டாவது வரை படித்தவள் அவள். மதுரையில் மருத்துவச்சிப் பயிற்சிக்கு யாரையோ பிடித்து எழுதிப் போட்டிருந்தாள். வரச்சொல்லித் தாள் வந்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைச் சேலையும் முழங்கை வரைக்கும் கை வைத்த வெள்ளை ரவிக்கையும் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. அவள் வீட்டிலோ, தாலியை எடுத்த அன்றைக்கே ரவிக்கையையும் கழற்றிவிட்டிருந்தார்கள். அது அந்த வீட்டு வழக்கம்.

“மாமா சரின்னு சொல்லிட்டாக அக்கா,” என்றாள். “ஆனா ஒரு பேச்சு வந்துறக்கூடாதாம். ஊருக்குள்ள யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா, ‘நீ எங்க வேணாலும் போ, எம் பேத்தி இங்கன எங்ககூட இருக்கட்டும்’ன்னு சொல்லிட்டாக.”

“பேச்சு வராம நான் தச்சுத் தாரேன்,” என்று சொன்னேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

அவள் கார்டுக்குக் கிடைத்த இரண்டு கஜம் வெள்ளைத் துணியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அது எத்தனை மாச அலைச்சல் என்று எனக்குத் தெரியும். லேஸ் கூடாது, கொசுவம் கூடாது, பார்க்கிறவன் கண்ணில் ஒன்றும் உறுத்தக்கூடாது. ஆனால் போட்டுக்கொண்டால் ஜெயிலுக்குப் போகிறவள் மாதிரியும் இருக்கக்கூடாது. “பிள்ளையை எப்படித் தூக்குவ, காட்டு” என்றேன். துணி மூட்டை ஒன்றைக் குனிந்து அள்ளிக் காட்டினாள். அவள் குனிந்தபோது முதுகு எங்கே விரிகிறது, கை எங்கே இழுக்கிறது என்று பார்த்து, தோளுக்குப் பின்னால் இரண்டு மடிப்பு விட்டேன். அந்த மடிப்பைத்தான் பின்னாளில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டு வாங்கிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் நேரே பார்த்தாள், பிறகு பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நல்லா இருக்குன்னு நினைக்கலாமா அக்கா?” என்று கேட்டாள்.

“நினைச்சுக்கடி. அதுக்கு யாரைக் கேக்கணும்?” என்று சொல்லிவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்திலேயே ரவிக்கையை வாங்கி, தேய்த்து, மடித்து, தாளில் சுற்றிக் கொடுத்தேன். நடுவில் என் கை என்ன செய்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. குச்சனூர் கோயிலுக்குப் போகிற வண்டிகளும் ஆட்களுமாகத் தெருவே நெரிசல். என் கடையில் ஜெயமங்கலத்திலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டுக்காரம்மா மகளோடு உட்கார்ந்திருந்தார். மகளுக்கு ஐந்து ரவிக்கை. முதல் துணியைத் தொடுவதற்கு முன்னால், நேரம் நல்ல நேரமா என்று இரண்டு தடவை கேட்டவர். அப்போது பேச்சியின் மாமனார் படியேறி வந்தார். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தூரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கையில் அந்த வெள்ளை ரவிக்கை. அதை மிசின்மேல் போட்டார்.

“இந்தாத்தா, இது யாரு வச்சது?”

அடி மடிப்பை விரித்துக் காட்டினார். செக்கச் சிவப்பாக ஒரு பொட்டு.

நடந்தது இதுதான். வீட்டுக்குப் போய்த் தாளைப் பிரித்த பேச்சி மஞ்சளைப் பார்த்திருக்கிறாள், பயந்துபோய் சவுக்காரச் சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும்? ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துவிடும். மிளகு அளவு இருந்தது கொட்டைப்பாக்கு அளவுக்குப் பரவி, குங்குமம் வைத்த மாதிரி ஆகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் வைக்கோல் படப்புக்குப் பின்னால் வேலியில் காயப் போட்டிருக்கிறாள். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன மாமனார் கண்ணில் பட்டுவிட்டது.

“எம் மகன் போயி ரெண்டு வருசம் ஆகுது,” என்றார். சத்தமே போடவில்லை, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. “மஞ்சளும் குங்குமமும் வச்சு இவளுக்குப் புதுத்துணி குடுக்கிறது யாரு? மதுரைக்குப் படிக்கப் போறாளா, இல்ல வேற எங்கயும் போறாளா? எனக்குத் தெரியணும்.”

புருஷன் இல்லாதவளுக்கு மஞ்சள் வைத்துத் துணி கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேறு யாரோ அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று அர்த்தம். அந்தப் பொட்டு எப்படி வந்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் வைத்ததுதான். நினைவே இல்லை, ஆனாலும் நான் வைத்ததுதான்.

ஜெயமங்கலத்து அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி அறுத்தவளுக்கு மஞ்சள் வைத்த கை, அதே கையால் என் மகளுக்கும் வைக்கப்போகிறாளா என்று அவர் நினைப்பது எனக்குக் கேட்ட மாதிரியே இருந்தது. அவர் எழுந்து போனால் அது அவரோடு நிற்காது. ஒரு வாரத்தில் பெரியகுளம் வரைக்கும் பேச்சு போய்விடும். என் அப்பா ஒற்றை மாட்டோடு நின்றதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது.

பெரியவரே ஒரு வழி காட்டினார். “துணி கிணி மாறிப்போச்சான்னு கேக்கத்தான் வந்தேன். மாறிப்போச்சுன்னா சொல்லிரு. நான் பாட்டுக்குப் போயிருறேன்.”

“ஆமாய்யா,” என்றேன். “மாறித்தான் போச்சு. இது வேற ஆளுது.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஜெயமங்கலத்து அம்மாவும் மூச்சு விட்டார். எனக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது.

“அப்பச் சரி. எங்க வீட்டுப் பிள்ளை துணியக் குடு.”

நான் எதைக் கொடுப்பது? இருந்த இரண்டு கஜமும் அவர் என் மிசின்மேல் போட்ட அந்த ரவிக்கைதான். “இன்னும் தைக்கலைய்யா,” என்றேன்.

“திங்கக்கிழமை போகணுமே.”

நான் அந்த ரவிக்கையை மடித்து மிசினுக்கு அடியில் வைத்தேன்.

“சரி விடு. போகாட்டி ஒண்ணும் குடி முழுகிப்போயிறாது,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். கல்யாண வீட்டம்மா, “கூட்டத்துல மாறத்தான் செய்யும், நீ கழுத்து தினுசைக் காட்டு” என்று வேலையைப் பார்க்கச் சொன்னார். நானும் வேலையைப் பார்த்தேன். ஐந்து ரவிக்கைக்கும் அளவெடுத்து முடித்தேன்.

பிள்ளைகளா, தப்பு எல்லாரும் செய்வோம். கை தவறி வைத்த பொட்டு ஒரு தப்பு, அதற்கு நான் வெட்கப்பட்டேனே தவிர, இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வதில்லை. திட்டிக்கொள்வது ‘மாறிப்போச்சு’ என்று சொன்னதற்குத்தான். வாடிக்கையாளர் முன்னால் நம் பேரைக் காப்பாற்ற நாம் சொல்கிற பொய்யை, கடையில் இல்லாத யாரோ ஒருத்தி சுமக்கிறாள். அன்றைக்கு அது எனக்குப் புரிய ஒரு ராத்திரி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, பேச்சியின் ஊரிலிருந்து மோர் விற்க வருகிறவள் எதிரே வந்தாள். அவள் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. ‘அது எனக்கு அளவெடுத்துத் தச்சதுதான், வேற ஆளுது இல்ல’ என்று பேச்சி வீட்டில் முதலிலேயே சத்தியம் செய்திருக்கிறாள். பெரியவர் திரும்பிப் போய், ‘வேற ஆளுதுன்னு டெய்லரே சொல்லிருச்சு, நீ ஏண்டி பொய் சொன்ன, எதை மறைக்கிற’ என்று கேட்டிருக்கிறார். கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டார்களாம். என் பொய்யில் அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கடையைத் திறந்து ரவிக்கையை எடுத்துக்கொண்டு, குச்சனூர் போகிற ஒரு வண்டியில் ஏறினேன். சவுக்காரச் சிவப்பை எலுமிச்சம்பழம் எடுத்துவிடும், மஞ்சளை வெயில் எடுத்துவிடும், கறையைப் போக்கிவிட்டு ‘இதோ புதுசு’ என்று கொடுத்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் மாதா இல்லை.

அவர்கள் வீட்டு வாசலில் பெரியவர் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரி வீரம்மா முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனுஷி, நரைத்த தலை, அந்தக் காலத்து வழக்கப்படி சேலை மட்டும். பேச்சி கதவோரம் நின்றாள். பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து நான் சொன்னது பொய்யிய்யா,” என்றேன். “துணி மாறலை. இது பேச்சிக்குத் தச்சதுதான். மஞ்சள் வச்சது நான்தான். எல்லாத்துக்கும் வைப்பேன், அந்தப் பழக்கத்துல வச்சுட்டேன். அது சவுக்காரம் பட்டுச் சிவந்துபோச்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

பெரியவர் கயிற்றை விடவில்லை. “நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சு. இதுல எதை நான் நம்புறது? அவ வந்து அழுதிருப்பா, நீ வந்து சொல்லுற.”

நேற்று உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு நம்பியிருப்பார். இன்றைக்கு என் வாய்க்கு மதிப்பே இல்லை.

வீரம்மாதான் தலையைத் தூக்காமல் கேட்டார். “எல்லாத்துக்கும் வைப்பேங்கிறியே, எங்கன வைப்ப?”

“இடது பக்கம், பெரியம்மா. அடி மடிப்புக்கு உள்ள.”

“ஒரே இடத்துலயா?”

“ஒரே இடத்துலதான்.”

மொச்சைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். தெருவில் இறங்கி, தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை நிறுத்தினார்.

“ஏத்தா காளியம்மா, இது மிசின்காரி தச்ச ரவிக்கைதானே? அடி மடிப்பைத் திருப்பு.”

“என்னத்துக்கு அத்தை?”

“திருப்புன்னா திருப்பு.”

திருப்பினாள். பல தடவை துவைத்து வெளுத்துப்போயிருந்தாலும் அங்கே ஒரு மங்கல் தெரிந்தது. வீரம்மா அதோடு விடவில்லை. எதிர் வீடு, பக்கத்து வீடு, வாய்க்காலுக்குப் போகிறவள், வருகிறவள் என்று அந்தத் தெருவில் என்னிடம் தைத்த ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே மடித்து வைத்திருந்த புது ரவிக்கையைக்கூட ஒருத்தி ஓடிப்போய் எடுத்து வந்து காட்டினாள். எல்லாவற்றிலும் அதே இடம், அதே அளவு. பெண்கள் சிரித்துக்கொண்டார்கள். அத்தனை நாள் அந்தப் பொட்டு அங்கே இருப்பது தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

வீரம்மா திரும்பி வந்து வீட்டுக்காரர் எதிரே நின்றார். “பாத்தீகளா. இவ கை அப்படி. நம்ம வீட்டுப் பிள்ளை மேல குத்தம் இல்ல.”

“குத்தம் இல்லைன்னா சந்தோசம்,” என்றார் பெரியவர். “ஆனா ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு சொன்னேன். இப்பத் தெருவே மடிப்பைத் திருப்பிப் பாத்துருச்சு. பொழுது சாயுறதுக்குள்ள குச்சனூர் வரைக்கும் பேசுவாக. அவ போகட்டும், நான் தடுக்கலை. எம் பேத்தி எங்ககூடத்தான் இருக்கும்.”

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிணமாக இறக்கிக்கொண்டு வந்த மனுஷன். அந்தப் பிள்ளை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதை விட்டுவிட அவருக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு வழக்கம் என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் போகலை மாமா,” என்றாள் பேச்சி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரவிக்கையை வீரம்மா கையில் கொடுத்தேன். “வெயில்ல போட்டா கறை போயிரும் பெரியம்மா,” என்றேன். “தெரியும்,” என்று வாங்கிக்கொண்டு மறுபடியும் மொச்சை உரிக்க உட்கார்ந்துவிட்டார். புறப்படும்போது பேச்சி பின்னாலேயே வந்து, “நீங்க வந்து சொன்னீகள்ல அக்கா, அது போதும்,” என்றாள். போதாது என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சில நேரம் சொல்லவேண்டிய நேரம் ஒரு நாள் முன்னாலேயே போயிருக்கும்.

திங்கட்கிழமை விடிந்ததும் என்னால் கடையில் உட்கார முடியவில்லை. மதுரை பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. டிரைவர் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். அது பிடித்து வண்டி கிளம்ப அரை மணி நேரம் ஆகும்.

அப்போது நாலு பேர் வருவது தெரிந்தது. முன்னால் பேச்சி, வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை. முந்தானையை இழுத்துப் போர்த்தவில்லை. பின்னால் வீரம்மா, இடுப்பில் பிள்ளை. அதற்கும் பின்னால் பத்தடி தள்ளி, தலையில் மூட்டையோடு பெரியவர்.

பிள்ளையை வைத்துக்கொண்டு வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பேச்சி மனசை மாற்றிக்கொண்டு பிள்ளையை விட்டுப் போகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் முதலில் ஏறியது வீரம்மா. ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார்.

“நீங்க எங்க பெரியம்மா?” என்று கேட்டேன்.

“மதுரைக்குத்தான். அங்கன எந் தங்கச்சி வீடு இருக்கு. இவ படிக்கப் போயிட்டா பிள்ளையைப் பாக்க ஆள் வேணும்ல?”

“எம்புட்டு நாளைக்கு?”

“படிச்சு முடிக்கிற வரைக்கும்.” பிறகு வெளியே நின்ற வீட்டுக்காரரைப் பார்த்து, எனக்குச் சொல்வது மாதிரி அவருக்குச் சொன்னார். “பேத்தி நம்மகூட இருக்கணும்னு தானே சொன்னாக. என்கூடத்தான் இருக்கா.”

“ஐயாவுக்குச் சோறு?”

“கை இருக்குல்ல அந்த மனுசனுக்கு.”

பேச்சி என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு, ஏறி வீரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியவர் மூட்டையை ஏற்றிவிட்டுக் கீழே நின்றார். வண்டி இருமி இருமிக் கிளம்பியது. பிள்ளை ஜன்னல் வழியாகத் தாத்தாவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனது. அவர் கையை ஆட்டவில்லை, வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் அசையாமல் நின்றார்.

நான் அவர் கண்ணில் படாமல் நகரப் பார்த்தேன். கூப்பிட்டார்.

“இந்தாத்தா.”

போய் நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“மதுரையில எல்லாப் பொம்பளைகளும் ரவிக்கை போட்டிருப்பாக, இல்ல?”

“ஆமாய்யா. பெரும்பாலும் போட்டிருப்பாக.”

“எங்க வீட்டுக்காரி சேலையோட மட்டும் போய் நின்னா சிரிப்பாகளா?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

“அவளுக்கு ஒண்ணு தச்சு அனுப்பிருவியா,” என்றார். “கார்டு எங்கிட்டதான் இருக்கு. எந்தத் துணி கிடைச்சாலும் சரி.”

“தச்சிரலாம்யா. ஆனா அளவு வேணுமே.”

இப்போதுதான் அதை யோசித்தவர் மாதிரி முழித்தார். பஸ் போன திசையைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நடுவே ஒரு ஆள் நிற்பது போல இடைவெளி விட்டு அப்படியே பிடித்தார். கயிறு திரித்துக் காய்த்துப்போன கை.

“இம்புட்டுத்தான் இருப்பா,” என்றார். “கட்டிட்டு வந்தப்ப இதைவிடக் கொஞ்சம் பெருசா இருந்தா.”

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்து அளந்துகொண்டேன்.